கனரக வாகனச் சாரதிகளுக்கான அறிவுப் பரீட்சை: நிறுத்துவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும்?

லொறி அல்லது பஸ் செலுத்துவதற்கான அனுமதிப்பத்திரத்தைப் பெற ஆயத்தமாகும் உங்களுள் பெரும்பாலானோர் ஏற்கனவே மோட்டார் சைக்கிளோ வானோ ஓட்டிப் பழகியவர்கள். வீதிச் சமிக்ஞைகள் உங்களுக்குப் புதியவை அல்ல. எனவே, "எனக்குத் தெரியாதது இதில் என்ன இருக்கிறது" என்ற எண்ணத்துடனேயே பலர் புத்தகத்தைத் திறக்கின்றனர். சிலர் அதையும் செய்வதில்லை. பழைய வினாக்களும் விடைகளும் அடங்கிய போட்டோப் பிரதி ஒன்றை வாங்கி, முதலாம் வினாவுக்கு மூன்று, இரண்டாம் வினாவுக்கு ஒன்று என விடை இலக்கங்களைப் பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குச் செல்கின்றனர். வினாக்களின் ஒழுங்கு மாறினாலோ, "சரியான கூற்று எது" என்பதற்குப் பதிலாகப் "பிழையான கூற்று எது" எனக் கேட்கப்பட்டாலோ இவர்கள் தடுமாறுவது இயல்பே. அவ்வாறு தடுமாறாமல் தப்பிச் சித்தியடைபவரைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். மறுநாள் அவர் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வீதிக்கு வருகின்றார்.

ஆகையால் இப்பாடத்தில் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லாது, பாரமான வாகனம் ஒன்றை நிறுத்துவதற்கு எவ்வளவு நேரமும் தூரமும் தேவை என்ற ஒரு விடயத்தை மட்டும் விரிவாகப் பார்ப்போம். இடைவெளி, மழை, இறக்கம், புகையிரதக் கடவை ஆகியவை பற்றிய வினாக்கள் யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் இதற்கு வேண்டிய அடிப்படை உண்டு. மறந்திருந்தால் பரவாயில்லை, கணிப்புகளை இங்கே படிப்படியாகச் செய்து காட்டுகின்றோம்.

வகுப்புகள் பற்றிச் சிறு குறிப்பு

இலங்கையில் வாகனம் செலுத்துதல் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் ஒழுங்குபடுத்தப்படுகின்றது. 2009ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் இன்றுள்ள வகுப்புகள் வந்தன. இவற்றுள் சீ1 என்பது மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்டு 17,000 கிலோகிராம் வரையுள்ள லொறிகளுக்கும், சீ என்பது அதற்கு மேற்பட்ட லொறிகளுக்கும் உரியன. பஸ்களில் டீ1 இற்கும் டீ இற்கும் இடையிலான எல்லை 33 ஆசனங்களாகும். எழுத்துடன் ஈ சேர்ந்திருந்தால் பின்னால் இழுவைப் பெட்டி உண்டு எனக் கொள்க.

இங்கு பலர் விடும் பிழை ஒன்றைக் கவனியுங்கள். மொத்த நிறை எனப்படுவது வெறும் லொறியின் நிறை அன்று. வாகனமும் அது சட்டப்படி ஏற்றக்கூடிய உச்சச் சுமையும் சேர்ந்ததே மொத்த நிறையாகும். "இன்றைக்கு லொறி வெறுமையாகத்தானே போகிறது" என்று சொல்லி வகுப்பை மாற்றிக்கொள்ள முடியாது. வயதெல்லை, கட்டணம், விண்ணப்பம், மருத்துவச் சான்றிதழ் பற்றிய நடைமுறைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால் அவற்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நேரடியாகவே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

நிறுத்தத் தூரம்

நீங்கள் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் பஸ் ஒன்றைச் செலுத்துகின்றீர்கள். முன்னால் பாடசாலைப் பிள்ளை ஒன்று வீதிக்குக் குறுக்கே ஓடுகின்றது. பஸ் எங்கே போய் நிற்கும்?

முதலில் வேகத்தைச் செக்கனுக்கு மாற்றுவோம். 60 ஐ 3.6 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.7 கிடைக்கும். அதாவது ஒவ்வொரு செக்கனிலும் பஸ் 16.7 மீற்றர் நகர்கின்றது. பெரிய பஸ் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 11 அல்லது 12 மீற்றர். ஆகவே "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் உங்கள் பஸ் தன் நீளத்தை விடக் கூடுதலான தூரத்தைக் கடந்துவிடுகின்றது.

நிறுத்தத் தூரம் மூன்று பகுதிகளைக் கொண்டது.

முதலாவது, துலங்கல் தூரம். பிள்ளையைக் கண் காண வேண்டும். இது ஆபத்து என மூளை விளங்கிக்கொள்ள வேண்டும். கால் அக்சிலேற்றரிலிருந்து பிறேக்கிற்கு மாற வேண்டும். விழிப்பான சாரதிக்கு இவை அனைத்திற்கும் 1.5 செக்கன் எனக் கொள்வோம். அந்நேரத்தில் பஸ் 25 மீற்றர் ஓடிவிடும். இதுவரை பிறேக் தொடங்கவே இல்லை. இரவு முழுவதும் ஓட்டிய சாரதிக்கும், கையில் தொலைபேசி வைத்திருப்பவருக்கும் 1.5 செக்கன் போதாது.

இரண்டாவது, பிறேக் பிடிக்கத் தொடங்கும் வரையான தூரம். கார், வான் ஆகியவற்றில் பிறேக் எண்ணெய் உண்டு. திரவத்தை நெருக்கிச் சுருக்க முடியாததால், மிதித்த உடனேயே அமுக்கம் சில்லுக்குச் சென்றடைகின்றது. பெரிய பஸ், லொறிகளில் இருப்பது எயார் பிறேக். வளி சுருங்கக்கூடியது. அது குழாய்கள் வழியே சென்று அறையினுள் நிரம்பி அமுக்கம் ஏறிய பின்னரே பிறேக் பிடிக்கும். இதற்கு அரைச் செக்கன் எனக் கொண்டால் மேலும் 8 மீற்றர். வானிலிருந்து பஸ்ஸுக்கு மாறுபவர்கள் முதல் நாட்களில் திகைப்பது இந்த அரைச் செக்கனாலேயே ஆகும்.

மூன்றாவது, தடுப்புத் தூரம். உலர்ந்த தார் வீதியில், நல்ல பிறேக்கும் நல்ல ரயரும் உள்ள கனரக வாகனத்தின் அமர்முடுகலை 5 மீற்றர்/செக்கன்² எனக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை அமர்முடுகலின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 16.7 இன் வர்க்கம் ஏறத்தாழ 278. அதனை 10 ஆல் வகுக்க, ஏறத்தாழ 28 மீற்றர்.

மூன்றையும் கூட்டினால் 61 மீற்றர். பஸ்கள் ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம் இது.

இதே முறையில் 30 கிலோமீற்றர் வேகத்திற்குக் கணித்தால் 12.5 உம் 4 உம் 7 உம் சேர்ந்து ஏறத்தாழ 24 மீற்றர் வரும். 50 கிலோமீற்றர் வேகத்திற்கு 21 உம் 7 உம் 19 உம் சேர்ந்து 47 மீற்றர் வரும். வேகம் 30 இலிருந்து 60 இற்கு இரு மடங்கானபோது முதலிரு பகுதிகளும் இரு மடங்காயின. தடுப்புத் தூரமோ 7 இலிருந்து 28 இற்கு, நான்கு மடங்காயிற்று. அந்தப் பகுதியில் வேகத்தின் வர்க்கம் இருப்பதே காரணமாகும். இதனை எந்த வடிவத்தில் கேட்டாலும் விடையளிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பிள்ளையிடம் திரும்புவோம். அது உங்களிடமிருந்து சரியாக 47 மீற்றர் தூரத்தில் நிற்கின்றது எனக் கொள்க. நீங்கள் 50 இல் வந்திருந்தால் பஸ் பிள்ளைக்கு முன்னே மட்டுமட்டாக நின்றுவிடும். 60 இல் வந்திருந்தால்? முதல் 33 மீற்றர் பிறேக் பிடிக்காமலே போய்விடும். எஞ்சியிருப்பது 14 மீற்றர் மட்டுமே. 278 இலிருந்து 140 ஐக் கழிக்க 138. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11.7. அது மணிக்கு 42 கிலோமீற்றர் ஆகும். பத்துக் கிலோமீற்றர் கூடுதலாக ஓடினால் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் மோதும் எனப் பலர் நினைக்கின்றனர். கணிதம் அவ்வாறு சொல்லவில்லை. குடிமனைகள் உள்ள இடங்களில் 50 என்ற எல்லை ஏன் இருக்கிறது எனக் கேட்பவருக்கு இந்தக் கணிப்பைச் செய்து காட்டுங்கள்.

பாரம் கூடினால் தூரம் கூடுமா?

இங்கே விஞ்ஞானம் படித்த மாணவர் ஒருவர் கை உயர்த்துவார். "உராய்வு விசை நிறைக்கு விகிதசமன். திணிவு இரு மடங்கானால் உராய்வும் இரு மடங்கு. ஆகவே அமர்முடுகல் மாறாது. பாரமான லொறி நிற்க ஏன் கூடுதல் தூரம் வேண்டும்?"

கேள்வி நல்லது. பல கையேடுகள் இதற்குப் பதில் சொல்லாமலே தாண்டிவிடுகின்றன. ரயருக்கும் வீதிக்கும் இடையிலான பிடியே எல்லையாக இருக்கும்போது மாணவர் கூறுவது சரி, திணிவு வெட்டுப்பட்டுவிடும். ஆனால் நிரம்பச் சுமை ஏற்றிய லொறியில் எல்லையாக இருப்பது பெரும்பாலும் ரயரின் பிடி அன்று, பிறேக்கின் திறனே ஆகும். பிறேக் ட்ரம்மும் லைனிங்கும் கொடுக்கக்கூடிய விசைக்கு உச்சம் ஒன்று உண்டு. விசை மாறாதிருக்கத் திணிவு கூடினால் அமர்முடுகல் குறையும். அதிலும், அனுமதித்ததை விடக் கூடுதலாக ஏற்றிய லொறியில், அல்லது லைனிங் தேய்ந்த லொறியில், இந்த உச்சம் விரைவில் வந்துவிடுகின்றது.

மறுபக்கத்தையும் பாருங்கள். வெறுமையான லொறி உடனே நிற்கும் என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. அது பிழை. கனரக வாகனத்தின் பிறேக், வில், ரயர் யாவும் முழுச் சுமைக்கென அமைக்கப்பட்டவை. சுமை இல்லாதபோது விறைப்பான வில்களின் மேல் பின்பகுதி துள்ளும். சில்லுகள் வீதியை உறுதியாகப் பற்றாது. பலமாக மிதித்தால் அவை இறுகிப்போய்ச் சறுக்கும். எனவே வெறுமையான லொறியும் நிற்க அதிக தூரம் எடுக்கலாம். இலகு வாகனம் ஓட்டியவரின் அனுபவம் இந்த இடத்தில் அவருக்கு உதவாது.

மழையில் நிலைமை மேலும் மாறுகின்றது. அமர்முடுகல் 3 ஆகக் குறைந்தால், 60 கிலோமீற்றர் வேகத்தில் தடுப்புத் தூரம் மட்டும் 46 மீற்றர். மொத்தம் 79 மீற்றர். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதற் சில நிமிடங்கள் மிகவும் வழுக்கும். வீதியில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீருடன் கலப்பதே காரணம். தொடர்ந்து பெய்தால் அவை கழுவப்பட்டுவிடும்.

முன் வாகனத்துடனான இடைவெளி

மீற்றரில் இடைவெளியை மதிப்பிடுவது ஓடும் வாகனத்தில் கடினம். செக்கனில் எண்ணுவது இலகு. முன்னால் செல்லும் வாகனத்தின் பின்பகுதி ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என எண்ணத் தொடங்குங்கள். உங்கள் வாகனத்தின் முன்பகுதி அதே கம்பத்தை அடையும்போது எந்த எண்ணில் நிற்கின்றீர்கள் எனப் பாருங்கள்.

கார் சாரதிகளுக்குச் சொல்லப்படுவது இரண்டு செக்கன். கனரக வாகனத்திற்கு அது போதாது. அமெரிக்காவில் வர்த்தக வாகனச் சாரதிகளின் பொது அறிவுப் பரீட்சைக்கென வெளியிடப்படும் கைந்நூல்களில் எளிதான விதி ஒன்று உண்டு. வாகன நீளத்தின் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு செக்கன். வேகம் மணிக்கு 40 மைலைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ 64 கிலோமீற்றருக்கு மேல், இன்னுமொரு செக்கன். 12 மீற்றர் பஸ் ஏறத்தாழ 40 அடி. ஆகவே நான்கு செக்கன். 60 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு செக்கன் என்பது 67 மீற்றர். நாம் மேலே கணித்த 61 மீற்றர் அதற்குள் அடங்குவதைக் கவனியுங்கள்.

"அவ்வளவு இடைவெளி விட்டால் மூன்று முச்சக்கர வண்டிகள் நடுவில் புகுந்துவிடும்" என்று வகுப்பில் ஒருவராவது சொல்வார். உண்மைதான், புகுந்துவிடும். அப்போது அக்சிலேற்றரைச் சற்றுத் தளர்த்தி மறுபடியும் நான்கு செக்கனை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு பயணத்தில் இருபது வண்டிகள் அவ்வாறு புகுந்தாலும் நீங்கள் இழப்பது சில நிமிடங்களே.

இறக்கத்தில் இறங்குதல்

2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். இவற்றின் காரணங்களை ஆராய்வது இப்பாடத்தின் நோக்கமன்று. ஆனால் எல்ல – வெல்லவாய வீதியின் உயரங்களை எடுத்துக் கணக்கொன்று செய்து பார்ப்பது மலைநாட்டில் ஓட்டப்போகும் எவருக்கும் அவசியம்.

எல்ல கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. வெல்லவாய 200 மீற்றரளவில் உள்ளது. ஆகவே இறக்கம் ஏறத்தாழ 800 மீற்றர். பயணிகளுடன் பஸ்ஸின் திணிவு 10,000 கிலோகிராம் எனவும் புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனவும் கொள்வோம். இழக்கப்படும் அழுத்த சக்தி 10,000 × 10 × 800, அதாவது 80 மெகா யூல். இதே பஸ் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க சக்தி ஏறத்தாழ 1.4 மெகா யூல் மட்டுமே. ஆகவே எல்லவிலிருந்து வெல்லவாய வரை ஒரு தடவை இறங்குவது, 60 இல் ஓடும் பஸ்ஸை ஐம்பத்தேழு தடவை நிறுத்துவதற்குச் சமன்.

அந்தச் சக்தி எங்கே செல்கின்றது? பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால் வெப்பமாக ட்ரம்மிற்குள் செல்கின்றது. எல்லா ட்ரம்களும் சேர்ந்து 200 கிலோகிராம் இரும்பு எனக் கொள்க. வெப்பம் சற்றும் வெளியேறாது அங்கேயே தங்குமாயின் வெப்பநிலை 800 பாகை செல்சியஸுக்கு மேல் உயரும். காற்றும் உருளல் தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் உண்மையில் அவ்வளவு உயராது. ஆயினும் அதன் பாதி வெப்பநிலையே லைனிங் தன் பிடியை இழக்கப் போதுமானது. ட்ரம்மும் சூட்டில் விரிவதால் லைனிங் மேலும் தள்ளிச் சென்றே அதனைத் தொட வேண்டும். கால் முழுவதும் மிதித்திருக்கும், பஸ் நிற்காது. இதைத்தான் "பிறேக் விட்டுவிட்டது" என்கின்றோம். உறுப்பு எதுவும் உடையாமலே இது நிகழலாம்.

ஆகவே சக்தியின் பெரும் பங்கை எஞ்சினிடம் கொடுக்க வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே குறைந்த கியருக்கு மாறுங்கள். இறங்கத் தொடங்கி வேகம் ஏறிய பின்னர் மாற முயன்றால் கியர் விழாது நியூட்ரலில் அகப்பட்டுக்கொள்ளக் கூடும்; பின்னர் எந்தக் கியருக்கும் மாற முடியாது. எக்சோஸ் பிறேக் இருந்தால் பயன்படுத்துங்கள். டீசலை மிச்சம் பிடிக்கவென நியூட்ரலில் இறக்கிவிடும் பழக்கத்தைச் சிலர் திறமையாக நினைக்கின்றனர். எஞ்சின் தாங்கியிருக்க வேண்டிய பாரத்தையும் ட்ரம்மின் மேல் சுமத்துகின்றார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கியரில் இறங்கும்போது அக்சிலேற்றரிலிருந்து கால் எடுத்திருந்தால் எஞ்சினுக்குச் செல்லும் டீசல் மிகக் குறைவு. மிச்சம் பிடிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

குறைந்த கியரிலும் வேகம் ஏறுமாயின் பிறேக்கை இவ்வாறு பயன்படுத்துங்கள். பாதுகாப்பான வேகம் 30 என நீங்கள் தீர்மானித்திருந்தால், 30 ஐ அடைந்ததும் உறுதியாக மிதித்து 22 அளவுக்குக் குறைத்து, காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மீண்டும் 30 ஆகும்போது அதையே செய்யுங்கள். இறக்கம் முழுவதும் இலேசாக மிதித்துக்கொண்டே வருவதும், படபடவென விட்டுவிட்டு மிதிப்பதும் தவறானவை. முன்னையதில் ட்ரம் ஆற இடமில்லை. பின்னையதில் எயார் தாங்கியிலுள்ள வளி வீணாகிக் குறையும். பிறேக் கருகும் மணம் வந்தால், இடம் கிடைத்தவுடன் நிறுத்தி ஆறவிடுங்கள். பயணிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

புகையிரதக் கடவை

2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலைக்கு அருகில் யாங்கல்மோதரவில், ரயில் வரும் வேளையில் கடவைக்குள் நுழைந்த பஸ்ஸுடன் ரயில் மோதி 30 இற்கும் மேற்பட்ட பயணிகள் உயிரிழந்தனர். நாட்டின் மிகக் கொடிய வீதி விபத்துகளில் அதுவும் ஒன்று.

வடக்கில் ஓட்டுபவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணத்திற்கான ரயில் 2014 ஒக்ரோபரிலேயே மீண்டும் வந்தது. இடையில் ஒரு தலைமுறை, ரயில் வராத இடமாகவே அக்கடவைகளைக் கடந்து பழகியது. ஊரில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நின்று இரு பக்கமும் பார்க்கும் பழக்கம் சிறு வயதில் வராதவருக்கு அதைப் புதிதாகவே கற்க வேண்டியிருக்கின்றது.

நின்ற நிலையிலிருந்து பஸ் ஒன்று கடவையைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? தண்டவாளத்திற்கு 5 மீற்றர் முன்னால் நிற்கின்றீர்கள். எமது நாட்டின் அகலப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1.676 மீற்றர். பஸ்ஸின் நீளம் 12 மீற்றர். பின்பகுதி முழுவதும் தாண்டிய பின்னரும் 3 மீற்றர் விலக வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 22 மீற்றர். நிரம்பிய பஸ்ஸின் ஆர்முடுகல் 0.8 மீற்றர்/செக்கன்² எனக் கொண்டால் இதற்கு 7.4 செக்கன் தேவை. "போகலாம்" எனத் தீர்மானித்துக் கிளச்சை விடுவதற்கான நேரத்தையும் சேர்த்தால் 9 செக்கன். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் 9 செக்கனில் 200 மீற்றர் வந்துவிடும். அதாவது 200 மீற்றருக்கு அப்பால் ரயில் எதுவும் தெரியாமல் இருந்தும், நடுவில் எஞ்சின் நின்றுபோனால் உங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. ரயிலாலும் அந்தத் தூரத்திற்குள் நிற்க முடியாது.

இதிலிருந்து விதிகள் தாமாகவே வருகின்றன. படலை மூடத் தொடங்கினால் நில்லுங்கள். பாதுகாப்பற்ற கடவையில் நின்று பாருங்கள். வானொலியை நிறுத்திக் காது கொடுங்கள். தேவையானால் நடத்துனரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதீர்கள். மறுபக்கத்தில் முழு வாகனத்திற்கும் இடமில்லாவிட்டால் நுழையாதீர்கள். இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் புறப்பட வேண்டாம், அது மறைத்திருந்த மற்றையது வரலாம்.

வினாத்தாளின் தமிழ்

தமிழ் மொழியில் பரீட்சை எழுதலாம். ஆனால் கராஜில் பேசும் தமிழும் வினாத்தாளின் தமிழும் ஒன்றல்ல. நாம் பிறேக் என்பது அங்கே தடுப்பு. எயார் பிறஷர் என்பது வளி அமுக்கம். ஓவர்டேக் என்பது முந்திச் செல்லல். கலர் லைட் என்பது ஒளிச் சமிக்ஞை. ரயில் கேற் என்பது புகையிரதக் கடவை. பதினைந்து வருடம் வாகனம் ஓட்டிய ஒருவர் "தடுப்பு" என்பதை வீதித் தடை என நினைத்து விடையளித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார். தொழில் தெரிந்தவர் சொல்லில் தோற்கக் கூடாது. "தவிர", "அல்ல", "பிழையானது" ஆகிய சொற்கள் வந்தால் கீழே கோடிட்டு மறுபடியும் வாசியுங்கள். கணினியில் எழுதுவதாயின் விரலை அச்சொல்லில் வைத்து வாசியுங்கள்.

மாதிரி வினாக்கள்

1. வேகம் மணிக்கு 25 கி.மீ. இலிருந்து 75 கி.மீ. ஆக அதிகரித்தால் தடுப்புத் தூரம் எத்தனை மடங்காகும்?
(1) 3 (2) 6 (3) 9 (4) 50
விடை (3). வேகம் மூன்று மடங்கு. மூன்றின் வர்க்கம் ஒன்பது. (1) ஐத் தெரிபவர் துலங்கல் தூரத்தை நினைத்துவிட்டார்.

2. பின்வருவனவற்றுள் பிழையான கூற்று எது?
(1) எயார் பிறேக் பிடிக்கச் சிறிது தாமதமாகும்.
(2) வெறுமையான லொறி எப்போதும் சுமையுள்ள லொறியை விடக் குறைந்த தூரத்தில் நிற்கும்.
(3) மழையின் தொடக்கத்தில் வீதி அதிகம் வழுக்கும்.
(4) களைத்த சாரதியின் துலங்கல் நேரம் கூடும்.
விடை (2). "எப்போதும்" என்ற சொல் வரும் கூற்றுகளைச் சந்தேகத்துடன் வாசிக்கப் பழகுங்கள்.

3. நீண்ட இறக்கம் ஒன்றில் குறைந்த கியருக்கு மாற வேண்டியது எப்போது?
(1) வேகம் ஏறியதும் (2) பிறேக் சூடானதும் (3) இறக்கம் தொடங்குவதற்கு முன் (4) முதல் வளைவில்
விடை (3).

4. படலை திறந்துள்ளது. கடவைக்கு அப்பால் வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது,
(1) முன் வாகனத்தை ஒட்டி மெதுவாகச் செல்லல் (2) ஒலியெழுப்பிச் செல்லல் (3) மறுபக்கத்தில் உங்கள் முழு வாகனத்திற்கும் இடம் கிடைக்கும் வரை தண்டவாளத்திற்கு முன்னால் நிற்றல் (4) வலப்பக்கமாக முந்திச் செல்லல்
விடை (3). பஸ்ஸின் முன்பாதி தப்பினால் போதாது. பின் ஆசனங்களிலும் ஆட்கள் இருக்கின்றனர்.

5. (நீங்களே செய்க.) மழை பெய்கின்றது. வேகம் மணிக்கு 50 கி.மீ. துலங்கல் நேரம் 1.5 செக்கன், எயார் பிறேக் தாமதம் அரைச் செக்கன், அமர்முடுகல் 3 மீற்றர்/செக்கன்² எனக் கொண்டு பஸ்ஸின் நிறுத்தத் தூரத்தைக் காண்க. அதே பஸ் உலர்ந்த வீதியில் எவ்வேகத்தில் வந்தால் ஏறத்தாழ இதே தூரம் தேவைப்படும்?
விடை: ஏறத்தாழ 60 மீற்றர், மணிக்கு 60 கி.மீ.